கசந்த சுரைக்காயும் நான் சொன்ன இரண்டு பதில்களும்

மேட்டூர் அணையை மூடிவிட்டால் நம் வேலையில் பாதி தானாக நின்றுவிடும். வாய்க்காலில் தண்ணீர் இருக்காது. உளுந்து எடுத்து முடித்த வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு அந்த இரண்டு மூன்று மாதங்கள் ஓய்வு போலத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் உதவி வேளாண்மை அலுவலராக இருந்த காலம் முழுவதிலும் என்னை நிலைகுலைய வைத்த கேள்வி ஒரு கோடையில்தான் வந்தது. அதுவும் வயலிலிருந்து வரவில்லை, ஒரு வீட்டுக் கொல்லையிலிருந்து வந்தது.

கோடையில் கேள்வி கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். முருங்கை ஏன் பூவைக் கொட்டுகிறது, எலுமிச்சை இலை ஏன் சுருளுகிறது, பப்பாளி ஏன் மேற்குப் பக்கம் மட்டும் வெந்த மாதிரி இருக்கிறது என்று வண்டியை மறித்துக் கேட்பார்கள். நான் என்ஜினை அணைக்காமலே பதில் சொல்வேன். வேகமாகப் பதில் வருவதுதான் விஷயம் தெரிந்தவனுக்கு அடையாளம் என்று நினைத்திருந்தேன். கொல்லைச் செடிகளைப் பொறுத்தவரை எனக்கு இன்னொரு இறுமாப்பும் உண்டு. ஒரத்தநாட்டில் என் வீட்டுக்குப் பின்னால் ஏழெட்டு சென்ட் இடம். ஒவ்வொரு கோடையிலும் அதில் பார்த்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். கத்திரி வெயிலில் மதியம் பூசணி இலை தொங்கினால் பயப்பட வேண்டாம், சாயங்காலமும் நிமிராவிட்டால்தான் வேரைப் பார்க்க வேண்டும். வெயில் ஏற ஏற மல்லிகை கூடுதலாகப் பூக்கும். இந்த மாதிரிச் சின்னச் சின்ன விஷயங்கள். புத்தகத்தில் இல்லாதது என் நோட்டில் இருக்கிறது என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்வேன்.

அந்தக் கோடை தொண்ணூறுகளின் நடுவில் வந்தது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ கிளம்பிக்கொண்டிருந்த காலம். ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாயின, தெருவுக்கு ஒரு எஸ்டிடி பூத் வந்தது. பூச்சிமருந்துக் கடைகளில் பளபளக்கும் காகிதப் பாக்கெட்டுகளில் வீரிய விதைகள் தொங்க ஆரம்பித்தன. எனக்கு அந்தப் பாக்கெட்டுகள் பிடிக்காது. "அதுல காசைக் கொட்டாதீங்க, நான் தர்றேன்" என்று என் கொல்லைச் சுரை விதையை அள்ளிக் கொடுப்பேன். பல வருஷமாக நானே காய் முற்றவிட்டு, சாம்பலில் பிரட்டி எடுத்து வைக்கும் விதை அது.

அப்படித் தை மாதத்தில் விதை வாங்கியவர்களில் ஒருத்தி செல்வி. ஒரத்தநாட்டிலிருந்து வண்டியில் கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கணவன் முருகேசன் சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் அவளும், மூன்று வயதுப் பெண் குழந்தையும், மாமியார் சொர்ணத்தம்மாளும். முருகேசனின் அண்ணன் கோவிந்தராசு பக்கத்து மனையில் தனிக் குடித்தனம். தம்பியின் பங்கு நிலத்தையும் அவரே பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்திரை முடிய இருந்த ஒரு நாள் காலை, அந்தத் தெரு வழியாகப் போனேன். செல்வி வாசலுக்கு ஓடி வந்து கைகாட்டினாள். சொர்ணத்தம்மாள் வேப்ப மர நிழலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"சார், நீங்க குடுத்த சுரைக்காய் கசக்குது சார்."

"பீர்க்கங்காய் பக்கத்துல போட்டியா?"

"இல்லை சார், அது மட்டும்தான் இருக்கு. போன வாரம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப ரெண்டு காய் வாயில வைக்க முடியலை. வெட்டி ஆட்டுக்குப் போட்டேன். ஆடுகூட மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு சார்."

நான் சிரித்தேன். என்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"வெயிலுக்கு அப்படித்தாம்மா இருக்கும். தண்ணி கொஞ்சம் கூட ஊத்து. கசப்பு ஒண்ணும் பண்ணாது. கசப்பா இருக்கறதெல்லாம் சர்க்கரைக்கு நல்லதுன்னு சொல்வாங்க, உங்க அத்தைக்குச் சாறு எடுத்துக் குடு."

கட்டிலிலிருந்து சொர்ணத்தம்மாளும் சிரித்தார். அவருக்குச் சர்க்கரை இருப்பது ஊருக்கே தெரியும். நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன்.

இது முதல் பதில். நான் இதை எந்த நோட்டிலும் எழுதவில்லை. சாயங்காலம் வீடு திரும்புவதற்குள் மறந்தும் போனேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை கோவிந்தராசு ஆள் அனுப்பி என்னை வரச் சொன்னார். போனால் செல்வியின் வீட்டு வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். முந்தின நாள் காலையில் சொர்ணத்தம்மாள் சுருண்டு விழுந்திருக்கிறார். அடக்க முடியாத வாந்தி, வயிற்றுப்போக்கு. வாந்தியில் ரத்தம். காரில் தூக்கிப் போட்டுத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பிரஷர் விழுந்து, பேச்சு மூச்சில்லாமல் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. விழுந்தபோது செல்வி தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாளாம். அதற்குக் கொஞ்சம் முன்னால் அவள் கொல்லையில் அவரைக்கு மருந்து அடித்ததைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்திருக்கிறாள்.

நம் பக்கத்தில் மருந்து என்றால் பூச்சி மருந்து என்பது உங்களுக்குத் தெரியும். 'மருந்தைக் குடிச்சிட்டா' என்று யாராவது சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

கோவிந்தராசு கையில் ஒரு பாட்டில் இருந்தது. அவரைச் செடியில் அசுவினிப் பூச்சி அப்பியிருக்கிறது என்று செல்வி சொன்னபோது நான்தான் அந்த மருந்தை எழுதிக் கொடுத்திருந்தேன்.

"டாக்டருக்கே புரியலை சார்" என்றார். "மருந்து குடிச்ச வாசனை இல்லையாம், கண்ணும் அப்படி இல்லையாம். ஆனா வேற என்னன்னும் சொல்லத் தெரியலைங்கறாரு. நீங்க சொல்லுங்க. இது ஆளைக் கொல்லுமா?"

செல்வி உள்நிலைப்படியில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

"கொல்லும்" என்றேன்.

"சோத்துல, காபியில கலந்து குடுத்தாலுமா?"

"குடுத்தாலும்தான். ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு நான் என்ன சொல்லவிருந்தேன் என்று எனக்கே தெரியாது. சொல்லவும் விடவில்லை. பெண்கள் பக்கத்தில் ஒரு கூச்சல் எழுந்தது. யாரோ மண்ணை வாரித் தூற்றினார்கள். கோவிந்தராசு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு முறை அடித்திருந்தால் முக்கால் பாட்டில் மிஞ்ச வேண்டும். பாதிதான் இருந்தது. நான் எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் நினைத்தேன். இந்தப் பெண் செய்திருப்பாளோ என்று நினைத்தேன். குறைந்த அந்தக் கால் பாட்டில் மருந்தைப் பக்கத்து வீட்டுக்காரியே கத்திரிச் செடிக்கென்று வாங்கிப் போயிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. கூட்டத்தில் அவளும் நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை பஸ்சில் செல்வியை அவள் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பேராவூரணிக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு ஊர். குழந்தையைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை முருகேசன் சிங்கப்பூரிலிருந்து பூத்துக்குப் பேசுவான், அவனிடம் கேட்டுக்கொண்டு மதியம் போலீசுக்குப் போவதாகக் கோவிந்தராசு சொன்னார். "நீங்கதான் சாட்சி சார். நீங்க சொன்னதை நாலு பேரு கேட்டிருக்காங்க."

வெள்ளிக்கிழமை சாயங்காலமே நான் என் மேலதிகாரி ஒருவரைப் போய்ப் பார்த்தேன். எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர். அவர் பெயர் இங்கே வேண்டாம். முழுவதையும் கேட்டுவிட்டு, "கேட்டதுக்குத்தானே பதில் சொன்னே?" என்றார்.

"ஆமா சார்."

"சரியாத்தானே சொன்னே?"

"சரியாத்தான் சொன்னேன்."

"அப்புறம் என்ன? கேக்காததையெல்லாம் போய்ச் சொல்லிக்கிட்டு நிக்காதே."

அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. 'கொல்லும்' என்ற என் இரண்டாவது பதில் சரியானதுதான். பாட்டிலின் மேலேயே மண்டை ஓடு போட்டிருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வியைத்தான் நான் எடுத்துக்கொண்டிருக்க வேண்டுமா? 'அம்மா என்ன சாப்பிட்டாங்க' என்று நானல்லவா முதலில் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும்? வீட்டுக்கு வந்தும் இதே யோசனை. ஒரு நேரம் அவள் குற்றவாளியாகத் தெரிந்தாள். இன்னொரு நேரம் நான்.

சனிக்கிழமை காலை, கொல்லையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி தற்செயலாக ஒரு வார்த்தை சொன்னாள். "நேத்து சுரைக்காய்க் கூட்டைக் கொட்டிட்டேன். ஒரே கசப்பு."

அப்போதுதான் எனக்குச் செல்வி வாசலுக்கு ஓடி வந்த அந்தக் காலை ஞாபகம் வந்தது. ஆடு மோந்து பார்த்துவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. 'உங்க அத்தைக்குச் சாறு எடுத்துக் குடு' என்று நான் சொன்னது கடைசியாக ஞாபகம் வந்தது. அந்த இடத்திலேயே, வரப்பின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

பந்தலில் நான்கு கொடி இருந்தது. எல்லாம் செல்விக்குக் கொடுத்த அதே விதை. பன்னிரண்டு காயையும் அறுத்து வரிசையாக வைத்து, நுனியில் ஒரு துண்டு நறுக்கி நாக்கில் வைத்து வைத்துத் துப்பினேன். ஒன்பது நல்ல காய். மூன்று கசப்பு. கிணற்றடிக் கொடியில் கசப்பே இல்லை. சரி, தண்ணீர்தான் காரணம் என்று எழுதப் போனால், வேலியோரம் காய்ந்து கிடந்த கொடியிலும் கசப்பு இல்லை. நடுக்கொடியில் பக்கத்துப் பக்கத்துக் கணுவில் தொங்கிய இரண்டு காயில் ஒன்று வெண்ணெய் மாதிரி, இன்னொன்று எட்டிக்காய் மாதிரி. ஒரே வேர், ஒரே தண்ணீர், ஒரே வெயில். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எதை எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன்.

கசக்கும் காய் ஆளைச் சாய்க்கும் என்று அன்றைக்கு எங்களில் யாரும் படித்திருக்கவில்லை. பாகற்காய் கசக்கிறது, வேப்பிலை கசக்கிறது, யார் சாகிறார்கள்? ஆக, அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு மடத்தனம் செய்தேன். நீங்கள் யாரும் செய்துவிடாதீர்கள். கசந்த காயைத் தோலோடு மிக்சியில் அடித்துப் பிழிந்து, அரை தம்ளர் சாறைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். மணி பதினொன்று இருக்கும்.

பத்து நிமிஷம் ஒன்றும் இல்லை. பார்த்தாயா, சுரைக்காய் பாவம் என்று நினைத்தேன். அப்படியானால் அந்தப் பெண்தானா என்றும் நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் வயிற்றைக் கையால் பிடித்து முறுக்கியது போல வலி. பிறகு நடந்ததை விவரிக்க வேண்டாம். மனைவி பக்கத்து வீட்டு ஆட்களைக் கூப்பிட்டு என்னை டாக்டரிடம் கொண்டுபோனாள். இரண்டு பாட்டில் டிரிப் ஏறிய பிறகுதான் எனக்குக் கண் தெளிந்தது.

"எதுக்குங்க குடிச்சீங்க?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள்.

"தெரிஞ்சுக்கலாம்னு."

"தெரிஞ்சுக்கிட்டீங்களா?"

பாதிதான். சுரைக்காய் இப்படிச் செய்யும் என்பது தெரிந்துவிட்டது. சொர்ணத்தம்மாள் சுரைக்காய் சாப்பிட்டாரா என்பது தெரியாதே.

ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, ஒருவரை வண்டி ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்து போனேன். கடைத்தெருவில் பாய் ஒருவர் பூத் வைத்திருந்தார். ஞாயிறு பத்து மணிக்குமேல் சிங்கப்பூர் அழைப்புகள் வரிசையாக வரும், பாய் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கோவிந்தராசு ஏற்கெனவே காத்திருந்தார். நான் சொன்னதைப் பாதிக்குமேல் கேட்கவில்லை.

"விதை குடுத்ததும் நீங்க. மருந்து குடுத்ததும் நீங்க. முந்தாநாள் கொல்லும்னீங்க. இன்னைக்குச் சுரைக்காய்ங்கறீங்க. எதைத்தான் சார் நம்பறது?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதற்குள் போன் அடித்தது. அவர் இரண்டு நிமிஷம் தம்பியிடம் பேசிவிட்டு, "சார் இங்கதான் இருக்காரு, நீயே கேட்டுக்க" என்று அவனிடம் சொல்லி ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

முருகேசனின் குரலை அன்றுதான் முதலில் கேட்டேன். சின்னக் குரல். "சார், போன் கார்டுல காசு கொஞ்சந்தான் இருக்கு. நீங்களே கொல்லும்னு சொன்னீங்களாமே சார்?"

"மருந்து கொல்லும்னு சொன்னேன் தம்பி. அம்மா மருந்துதான் குடிச்சாங்கன்னு நான் சொல்லலை. அது எனக்குத் தெரியாது."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். செல்வி முன்பே என்னிடம் சொன்னதையும், நான் சிரித்ததையும், சாறு எடுத்துக் குடு என்றதையும், முந்தின நாள் நான் குடித்ததையும். மூச்சு வாங்கியது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கோவிந்தராசு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப சுரைக்காய்தானா சார்? நிச்சயமா?"

ஆமாம் என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது. ஒரு வார்த்தை. அந்தப் பெண் மறுநாளே வீடு திரும்பிவிடுவாள்.

"நிச்சயமாத் தெரியலை தம்பி. அம்மா அதைச் சாப்பிட்டாங்களான்னே தெரியாது. அம்மா பேசுற வரைக்கும் யாரும் எதையும் முடிவு பண்ண வேணாம், அது மட்டும்தான் நான் சொல்ல முடியும்."

அவனுக்குப் பின்னால் யார் யாரோ தமிழில் சத்தம் போட்டுப் பேசினார்கள். வரிசையில் நிற்பவர்களாக இருக்க வேண்டும். அப்புறம் அவன் கேட்டான்:

"அவ சாப்பிட்டாளா சார்?"

தாய்வீட்டில் இருக்கும் பெண்டாட்டி சோறு தண்ணி எடுக்கிறாளா என்று கேட்டானா? அம்மா சாப்பிட்டதை அவளும் சாப்பிட்டாளா, சாப்பிட்டிருந்தால் அவளுக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டானா? குரலில் இருந்து பிரித்தறிய முடியவில்லை. அன்றும் முடியவில்லை, இன்றும் முடியவில்லை. "தெரியலை தம்பி" என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் லைன் போய்விட்டது.

வெளியே வந்தேன். "என்ன சொன்னான்?" என்றார் கோவிந்தராசு.

"அம்மா பேசுற வரைக்கும் பொறுத்திருக்கச் சொன்னாரு."

அவன் அப்படிச் சொல்லவே இல்லை. நான் சொன்னதைத்தான் அவன் வாயில் போட்டேன். உண்மையை மட்டும் சொல்லிப் பழகுங்கள் என்று உங்களிடம் பேச வந்தவன் நான், அந்த இடத்தில் பொய் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் மதியமே போலீசுக்குப் போயிருப்பார். சரிதானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. முருகேசன் ஒரு வருஷம் கழித்து ஊருக்கு வந்தபோது, "நீதானே பொறுத்திருக்கச் சொன்னே" என்று அண்ணன் என் முன்னாலேயே ஒரு பேச்சில் சொன்னார். அவன் என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினான்.

செவ்வாய்க்கிழமை சொர்ணத்தம்மாளுக்கு நினைவு தெளிந்தது. நானும் கோவிந்தராசும் கட்டிலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்றோம். "வியாழக்கிழமை காலைல என்னம்மா சாப்பிட்டே?" என்று அவர் குனிந்து கேட்டார்.

கிழவி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "சாரு சொன்னாரே, சாறு. அவ வேணாம்னு கசந்த காயைக் குப்பைல தூக்கிப் போட்டுட்டா. அவ தண்ணிக்குப் போனப்ப எடுத்து அரைச்சுக் குடிச்சேன். தாங்க முடியாத கசப்பு. கசப்புதானே மருந்துன்னு..." மேலே பேச முடியாமல் கையை மட்டும் அசைத்தார்.

என்மேல் குறை சொல்லும் தொனி துளியும் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. கோவிந்தராசு அடுத்த பஸ்சைப் பிடித்து ஊருக்குப் போனார், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராகப் பேராவூரணிப் பக்கம் போனார். வாசலிலேயே நின்று, "என்னை மன்னிச்சுரும்மா" என்றாராம். அந்த மனிதரை நான் பிறகு ஒருபோதும் குறைவாக நினைத்ததில்லை. சந்தேகப்பட அவருக்கு நான்தானே காரணம் கொடுத்தேன்?

நீங்கள் இப்போது கேட்பீர்கள், சுரைக்காய் ஏன் கசந்தது என்று. அடுத்தடுத்த கோடைகளிலும் பார்த்தேன். வெயிலும் தண்ணீர்ப் பஞ்சமும் காயைக் கசக்க வைக்கும் என்கிறார்கள். காட்டுச் சுரையின் மகரந்தம் கலந்தால் அடுத்த தலைமுறை கசக்கும் என்கிறார்கள். இரண்டும் இருக்கலாம். ஆனால் அந்த நடுக்கொடியின் பக்கத்துப் பக்கத்துக் காய்களுக்கு எனக்கு யாரும் விளக்கம் தரவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: சுரையோ வெள்ளரியோ, சமைப்பதற்கு முன் நுனியை நறுக்கி நாக்கில் வையுங்கள், கசந்தால் துப்பிவிட்டுக் காயைக் கண்காணாமல் புதைத்துவிடுங்கள். வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டுச் சொல்லுங்கள். ஒருத்தி ஆடுகூடத் தின்னவில்லை என்று வந்து சொன்னால், அவள் உங்களைவிட நன்றாகக் கவனித்திருக்கிறாள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஆனி மாதம் ஆற்றில் தண்ணீர் வந்த வாரத்தில் செல்வியைப் பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்க நினைத்துத்தான் போனேன். அவள் கொல்லையில் சுரைப்பந்தலைப் பிரித்துக் கொம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். குழந்தை மண்ணில் விளையாடியது. சொர்ணத்தம்மாள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

நான் வாயெடுப்பதற்குள் அவளே கேட்டாள். "சார், ஒண்ணு கேக்கலாமா? அன்னைக்கு வாசல்ல வச்சுக் கொல்லும்னு சொன்னீங்களே. அப்ப நான் செஞ்சிருப்பேன்னு நெனச்சீங்களா?"

பொய் சொல்ல முடியவில்லை. "கொஞ்ச நேரம் நெனச்சேம்மா."

அவள் கோபப்படவில்லை. கையிலிருந்த கொம்பை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"நானும் நெனச்சேன் சார்."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். "அன்னைக்குக் காலைல மருந்து அடிச்சிட்டு வந்துதான் அத்தைக்கு நீராகாரம் கரைச்சுக் குடுத்தேன். கை கழுவினேன். ஆனா சோப்பு போட்டேனா, வெறும் தண்ணியில கழுவினேனான்னு ஞாபகமே இல்லை. எங்க அம்மா வீட்டுல அத்தனை நாளும் இதையே யோசிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். என் கையாலதான் போயிடுவாங்களோன்னு... அதனாலதான் அன்னைக்கு யாரு என்ன சொன்னப்பவும் நான் இல்லைன்னு சொல்லலை சார். எனக்கே தெரியலையே."

அவள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. அழாமல் நின்றதைத் திமிர் என்று அன்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். நானும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இப்பதான் அத்தையே சொல்லிட்டாங்களேம்மா" என்றேன்.

"சொல்லிட்டாங்க. ஆனாலும் சில நாள் தோணுது. சாறு மட்டும்தானா, என் கையும் சேந்துதானான்னு." புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "சார், வெறும் தண்ணியில கழுவினா அந்த மருந்து போயிடுமா?"

போய்விடும் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஆறுதலாக இருக்கும், வேகமாகவும் இருக்கும். நான் பந்தல் கொம்புகளை ஒதுக்கி, அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"நீ அன்னைக்குக் காலைல எந்திரிச்சதுல இருந்து என்னென்ன செஞ்சே, ஒண்ணு விடாம சொல்லும்மா" என்றேன்.

அவளும் உட்கார்ந்தாள். "பாப்பா அழுதுச்சு, அதுலதான் முழிச்சேன் சார்" என்று ஆரம்பித்தாள்.